பின்வளவின் எட்டுத் தட்டிகள்

என் பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டது ஒரு சின்னக் கேள்விதான். கந்தளாயில் நீங்கள் இரண்டு பேரும் குடிபோகப் போகிற வீட்டைச் சுற்றி வெறும் மண்தான் கிடக்கிறது, முன்பக்கம் றோட்டு, பின்பக்கம் வயல்வெளி, கச்சான் காற்று நேரே குசினிக்குள் புகுந்து புழுதியைக் கொட்டுகிறது என்றாய். தட்டி அடித்துக் கொடி படரவிட்டால் அது ஒரு வளவாகத் தெரியும், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். தட்டியைப் பற்றி உனக்குச் சொல்லித்தர நான் யார் என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவின் ஆண்டுத்திவசம் போன மாதம் முடிந்தது. அடுத்த மாதம் ஆவணியில் உனக்குக் கலியாணம். நடுவில் இருக்கும் இந்த ஆடி மாதத்தில் வீட்டில் நான் மட்டும்தான். எழுதுவதற்கு இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

முதலில் கேட்டதற்கு மறுமொழி. காற்று வருகிறது என்பதற்காக அந்தப் பக்கத்தை முழுக்க அடைத்துவிடாதே. அடைத்தால் காற்று மேலால் ஏறி இந்தப் பக்கம் சுழன்று விழும். அப்படி விழுந்த காற்று என் கத்தரிக் கன்றுகளை முறித்துப் போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மரச் சிலாகைகளுக்கு நடுவே நாலு விரல் போகிற இடைவெளி விட்டு அடித்த தட்டி என்றால், காற்று அதற்குள்ளால் தணிந்து வரும். தட்டியை நேரே மண்ணில் நடாதே. உங்கள் பக்கத்து மண்ணில் கறையான் அதிகம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சீமெந்துக் கட்டை போட்டு, அதில் இரும்புப் பட்டையை இறக்கி, தட்டியின் கால் நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்ந்து நிற்கும்படி பூட்டு. வீட்டுச் சுவர்ப் பக்கம் அடிப்பதானால் சுவருக்கும் தட்டிக்கும் நடுவில் கை போய்வர இடம் விடு. இல்லாவிட்டால் கொடி சுவரில் வேர் பிடித்து ஈரம் ஏறும், பின்பக்கத்துக் காயைப் பறிக்கவும் ஏலாது. றோட்டுப் பக்கம் ஒரே நேர்கோட்டில் அடிக்காமல் ஒரு தட்டி முன்னே, ஒரு தட்டி பின்னே என்று விட்டு அடித்தால் சின்ன வளவும் பெரிதாகத் தெரியும். தண்ணீர்த் தாங்கி, உடுப்புக் காயப்போடுகிற கயிறு எல்லாம் அந்த மடிப்புகளுக்குள் மறைந்து போகும்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? நீ எனக்குக் காட்டித் தந்ததைத்தான் உனக்கே திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் இதே ஆடி மாதம் நம்முடைய பின்வளவில் நடந்ததை நாம் இரண்டு பேரும் ஒருநாளும் இருந்து கதைக்கவில்லை. வேறு எல்லாவற்றையும் கதைத்தோம், அதை மட்டும் விட்டுவிட்டோம். இன்றைக்கு எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

அப்பா கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றபோது சரிந்து விழுந்தது மாசி மாதம். இழுவைப் படகிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. முப்பது வருடம் அந்தப் படகில் சுக்கான் பிடித்து, வீடு மாதிரிப் பெரிய கப்பல்களைத் துறைக்குள் இழுத்து வந்து கட்டிய மனிதர். கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார், உனக்குத் தெரியும். சோறு ஆறிப்போகும், கதை முடியாது. ஆசுப்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் காலும் விழுந்திருந்தன, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. ‘சரி’. தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, நோகிறதென்றாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. வேறொன்றும் வராது. விளங்குவதெல்லாம் விளங்கும், சொல்லத்தான் ஏலாது என்று டொக்டர் எனக்குத் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். நானும் தலையாட்டிக் கேட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்குள் அதை மறந்துவிட்டேன். எதற்கும் சரி என்கிற மனிதரிடம் ஒன்றையும் கேட்கத் தேவையில்லை என்று ஆகிவிட்டது எனக்கு.

நம்முடைய பின்வளவு சரிவாக இறங்கி மஜீது நானா வீட்டு வேலியில் முடிகிறது. வேலி என்று பெயர்தான். நாலு பூவரசும் இரண்டு கம்பியும். அதற்கு அப்பால் அவர்களுடைய முற்றம், அதற்கும் அப்பால் தென்னைகளுக்கு நடுவே துறைமுகத்துத் தண்ணீர் ஒரு பாய் அகலத்துக்குத் தெரியும். பின்விறாந்தையில் சில்லுக் கதிரையைக் கொண்டுபோய் விட்டால் அப்பா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். பங்குனியில் ஒரு நாள், நான் அவருடைய வாயோரம் வடிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து ஒழுங்கையால் போன இரண்டு பெண்கள் வேலியடியில் நின்றுவிட்டார்கள். “அந்த மனிசன்தான். எப்பிடி இருந்தவர், பாரன்” என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. இரக்கத்தில்தான் சொன்னாள். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கதிரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். சித்திரை பிறந்து இரண்டு கிழமைக்குள் ஒழுங்கைப் பக்கமும் நானா வீட்டுப் பக்கமும் ஆள் உயரத்துக்குத் தகரம் அடிப்பித்தேன். நீ கந்தளாயிலிருந்து லீவில் வந்து பார்த்து, ஏனம்மா என்று கேட்டாய். நாய் வருகிறது, தேங்காய் களவு போகிறது என்றேன். நீ தகரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, சுடுகிறது என்று மட்டும் சொன்னாய்.

சுட்டது உண்மை. வைகாசியில் கச்சான் தொடங்கியது. பின்விறாந்தை பகல் முழுக்கப் பாண் சுடுகிற போறணை மாதிரிக் கொதித்தது. வெயில் தகரத்தில் பட்டு அப்பாவின் கண்ணில் அடித்தது. காற்று வீசினால் தகரம் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். வேலியோரம் நட்டிருந்த கொடித்தோடை கருகிப்போயிற்று, பசளிக்கீரை முளைக்கவே இல்லை, மல்லிகையில் இலை மட்டும் மிஞ்சியது. நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அப்பாவைப் பற்றி எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. அவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். பயிற்சி கொடுக்க வருகிற பெண் கையைத் தூக்கச் சொன்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மனம் விட்டுப்போயிற்று, இது இந்தப் பாரிசவாத வருத்தத்தில் வழமைதான் என்று அவள் சொன்னாள். நானும் வருத்தத்தின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டேன்.

இன்னொன்று இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. ஆனி மாதம் ஒரு பின்னேரம் மஜீது நானா அந்தப் பக்கம் நின்று தகரத்தில் மெதுவாகத் தட்டினார். இரண்டு வீட்டுக்கும் நடுவே முன்னர் தட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. “தங்கச்சி, அண்ணன் முழிப்பா இரிக்காரா? ஒருக்காப் பாத்திட்டுப் போகலாமெண்டு” என்றார். துறைமுக வாசலடியில் தேநீர்க் கடை வைத்திருந்தவர். அப்பாவும் படகில் இருந்தவர்களும் அவருடைய கடையில் குடித்த தேநீருக்குக் கணக்கே இல்லை. நான் அவர் நித்திரை என்று சொன்னேன். அப்பா எனக்கு மூன்றடி தூரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு இருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டது. நானா போன சத்தம் தேய்ந்த பிறகு என்னைப் பார்த்து, “சரி” என்றார். மிக மெதுவாகச் சொன்னார். அந்தச் சொல்லை அவர் எத்தனையோ விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு தரம் சொன்னதை நினைத்தால் இப்போதும் எழுதுகிற பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பி நடக்க வேண்டியிருக்கிறது.

பிறகுதான் நீ வந்தாய். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. வாசலில் வாடகை வான் ஒன்று நின்றது, அதன் மேலே எட்டுத் தட்டிகள் கட்டியிருந்தன. கந்தளாயில் ஓட்டுக் கூரைக்கு அடிக்கிற சிலாகைகளை வாங்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக வைத்து, சனி ஞாயிறுகளில் நீ தங்கியிருந்த வீட்டு விறாந்தையில் இருந்து நீயே ஆணி அடித்திருந்தாய். கந்தோரில் கட்டடப் படம் வரைகிற பிள்ளை என்பது தட்டியைப் பார்த்தாலே தெரிந்தது; ஒரு கட்டம்கூடக் கோணவில்லை. உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத ஆணியாகப் பார்த்து வாங்கினேன் என்று காட்டினாய். உன்னுடைய இடது பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கத் தகரத்தைக் கழற்றிவிட்டு இதை அடிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன உடனே ஏலாது என்றேன்.

என்ன சொன்னேன் என்பதை மாற்றாமல் எழுதுகிறேன். “ரெண்டு நாளில நீ பஸ் ஏறிப் போயிடுவாய். ஆக்களின்ர கண்ணுக்கு முன்னால இருக்கப்போறது நான்” என்றேன். நீ கையிலிருந்த ஆணிகளைக் கீழே வைத்தாய். பிறகு, “அம்மா, நீங்கள் மறைச்சு வச்சிருக்கிறது அப்பாவையோ, உங்களையோ?” என்று கேட்டாய். உன்னுடைய குரல் உயரவில்லை. நான் கையை ஓங்கி உன்னுடைய கன்னத்தில் அடித்துவிட்டேன். இருபத்தாறு வயதுப் பிள்ளையை. சின்ன வயதில்கூட உன்னை அப்படி அடித்ததில்லை. அப்பாவுக்கு முன்னால் அது நடந்தது.

அவர் இடது கையால் கதிரையின் சட்டத்தில் அடித்தார். இரண்டு தரம், மூன்று தரம் அடித்தார். பிறகு அந்தக் கையைத் தூக்கித் தகரத்தைக் காட்டினார். நீ கன்னத்தைத் தடவவும் இல்லை, அழவும் இல்லை, போய் அவருக்கு முன்னால் குந்தி இருந்து, “அப்பா, தகரத்தைக் கழட்டவோ?” என்று கேட்டாய். அவர் சரி என்றார். எனக்கு அப்போதும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவர் எதைக் கேட்டாலும் சரிதான் சொல்லுவார், அதை வைத்துக்கொண்டு கதைக்காதே என்று பின்னால் நின்று சொன்னேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். மறுபடி அவரிடம் திரும்பி, “அப்பா, தகரம் அப்பிடியே இருக்கட்டோ?” என்று கேட்டாய்.

அவர் வாயைத் திறக்கவில்லை. இழுத்துப் போயிருந்த அந்த உதட்டை எப்படித்தான் இறுக்கி மூடினாரோ தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவர் உன்னையே பார்த்தபடி, ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தார். மற்றக் கேள்வியை நீ திரும்பக் கேட்டாய். கேட்டு முடிக்க முதலே சரி என்றார். ஐந்து மாதமாக அந்த மனிதருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தது. சொல்லுவதற்கு ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. நான் குசினிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே நீ தகரத்து ஆணிகளைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

அந்த இரண்டு நாளும் நீ செய்த வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்ட நாட்கள் பல. நான் உன்னோடு கதைக்கவில்லை. தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனேன். அப்படி இருந்தும் என்னுடைய பயத்தை நீ தூக்கி எறியவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டுகிற கிணற்றடியைச் சுற்றி மூன்று தட்டிகளை நெருக்கமாக, ஒன்றுக்கு அரைவாசி மற்றது மறைக்கும்படி பூட்டினாய். அதற்குள் என்ன நடந்தாலும் ஒழுங்கையில் போகிறவர்களுக்குத் தெரியாது. ஒழுங்கைப் பக்கம் விறாந்தைக்கு நேரே இரண்டு, கொடி படர்ந்தால் மறைந்துவிடும் என்று விட்டாய். மிச்சம் மூன்றையும் நானா வீட்டுப் பக்கம் இடுப்பளவுக்குச் சற்று மேலே நிற்கும்படி படுக்கையாக வைத்து, கதிரையில் இருக்கிற ஆளின் கண் மட்டத்தை நாடாவால் அளந்து, தண்ணீர் தெரிகிற இடத்தை வெளியாக விட்டாய். நீயே அந்தக் கதிரையில் ஏறி இருந்து பார்த்ததை யன்னலால் கண்டேன். எதை மறைக்க வேண்டும், எதைத் திறந்து விட வேண்டும் என்று நான் ஒருநாளும் பிரித்து யோசிக்கவில்லை, பிள்ளை. எல்லாவற்றையும் ஒரே தகரத்தால் மூடினேன். உன்னுடைய புது வளவிலும் முதலில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பார். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். பிறகு தட்டியை எங்கே நிறுத்துவது என்று தானாகத் தெரியும்.

நீ ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிய பிறகு நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். மழை வந்து கொடி ஏற இன்னும் மூன்று மாதம் இருந்தது. வெறும் கட்டங்களுக்குள்ளால் எல்லாம் தெரிந்தது. என்னுடைய பழைய சீலைகள் மூன்றை எடுத்துத் தட்டிகளில் கட்டிவிட்டேன். கச்சான் ஒரே நாளில் ஒன்றை அவிழ்த்து நானா வீட்டு முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டது. பின்னேரம் நானாவின் மனைவி அதைத் தோய்த்துக் காயவைத்து, மடித்து, தட்டிக்கு மேலால் நீட்டினா. எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்கவில்லை. தங்கள் வீட்டிலும் தன்னுடைய உம்மா கடைசி இரண்டு வருடம் படுக்கையில்தான் இருந்தா, குளிப்பாட்ட முதல் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவினால் படுக்கைப் புண் வராது என்று சொல்லிவிட்டு நின்றா. ஐந்து மாதத்தில் அந்த வருத்தத்தைப் பற்றி ஒருவரோடு நான் கதைத்தது அதுதான் முதல் தரம். தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் கதைத்தோம். மற்ற இரண்டு சீலைகளையும் அடுத்த நாள் நானே அவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு நானா ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் பக்கம் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். எப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். நீ கேட்ட மாதிரி, ஒரே கேள்வியை இரண்டு பக்கத்தாலும் கேட்கச் சொன்னேன். “அண்ணன், இது சீமெந்துக் கப்பலோ?” என்று கேட்பார். சத்தம் வராது. “அப்ப கோதுமைக் கப்பலோ?” சரி. அப்படியே மணித்தியாலக் கணக்கில் இரண்டு பேரும் இருப்பார்கள். இழுவைப் படகு அந்தத் தண்ணீர்க் கீற்றைக் கடக்கும்போது அப்பாவின் இடது கை கதிரைச் சட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். நானா அதைக் கண்டுவிட்டு, இப்போது இருக்கிற சுக்கான்காரன் எப்படி, பரவாயில்லையோ என்பார். பெரும்பாலும் மறுமொழி வராது. நானா விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஐப்பசி மழையோடு நீ வந்து கொடித்தோடையும் பசளியும் நீலச் சங்குப்பூவும் நட்டுவிட்டுப் போனாய். கொடியை இறுக்கிக் கட்டக் கூடாது, தண்டு பருக்க இடம் விட்டு எட்டு மாதிரிச் சுற்றிக் கட்ட வேண்டும் என்று பருத்திச் சீலைக் கிழிசல்களை வைத்துக் காட்டினாய். பயிற்சிக்கு வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, இந்த வேலையை ஐயாவுக்குக் கொடுங்கள் என்றாள். பந்தைப் பிடி, கையைத் தூக்கு என்றால் முகத்தைத் திருப்பிய மனிதர், கொடி கட்டக் கூப்பிட்டால் வந்தார். இடது கையால் முடிச்சுப் போடுவார், வலது கைப் பெருவிரலைத் தட்டியில் வைத்துக் கிழிசலின் நுனியை அழுத்திப் பிடிப்பார். தொடக்கத்தில் நாங்கள்தான் அந்தக் கையைத் தூக்கி வைத்தோம். தையில் அவரே வைத்தார். சித்திரைக்குள் எழும்பி நின்றார். கிணற்றடியிலிருந்து நானா வீட்டுப் பக்கம் வரைக்கும் தட்டிகளோடு ஒரு இரும்புக் குழாயைப் பூட்டிக் கொடுத்தாய். முதல் கிழமை ஒரு தட்டி நீளம் நடந்தார், பிறகு இரண்டு. வலது கை கடைசி வரைக்கும் முழுதாகத் திரும்பவில்லை. பேச்சும் வரவில்லை. ஆனால் மூன்று வருடம் அந்த மனிதர் தன்னுடைய வளவில் தன்னுடைய காலில் நடந்து, தான் கட்டிய கொடியிலிருந்து பழம் பறித்து, தட்டிக்கு மேலால் நானாவிடம் நீட்டினார். உன்னுடைய அப்பாவோடு எனக்கு அந்த மூன்று வருடமும் கிடைத்தது உன்னால்தான்.

போன வருடம் ஆனியில் அவர் போன அன்றைக்கு வீட்டில் ஆக்கள் கொள்ளவில்லை. நானா ஒருவரையும் கேட்காமல் திருகாணி கழற்றுகிற சாவியை எடுத்து வந்து, நடுத்தட்டியைக் கழற்றித் தன்னுடைய முற்றத்தைத் திறந்துவிட்டார். நீ அழுதுகொண்டு இருந்தாய், கண்டிருக்கமாட்டாய். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு திரும்பப் பூட்ட வந்தார். வேண்டாம் நானா, அது அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். அதனால் இப்போது இரண்டு வளவுக்கும் நடுவே ஒரு வாசல் இருக்கிறது. பகலில் நானாவின் மனைவி அதற்குள்ளால் வந்து என்னோடு இருந்து வெங்காயம் உரிப்பா. கழற்றிய தட்டியைக் குசினிச் சுவரில் சாய்த்து வைத்தேன், அதில் பாவற்கொடி ஏறிக் காய்க்கிறது.

மருமகனைப் பற்றி நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. நல்லவர், ஆனால் கதைக்கிறது குறைவு, என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றாய். கதை குறைந்த ஆளோடும் சந்தோசமாக வாழலாம், பிள்ளை. ஓம் என்று சொல்லிவிட்டார் என்பதற்காக ஒன்றை முடிவு என்று எடுக்காதே. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு ஒரு இடம் விட்டுக் கேள். அவர் பேசாமல் இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார். நீயும் அப்படித்தான், உன்னிடம் கேட்காமல் உனக்கு நல்லது செய்ய வருகிறவர்கள் இருப்பார்கள், அதில் நானும் இருப்பேன். அப்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார். எனக்கு விளங்கும்.

உன்னை அடித்ததற்கு நான் ஐந்து வருடமாக மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது நீ ஒன்றுமே நடக்காத மாதிரி, அம்மா பசிக்குது என்று குசினிக்குள் வந்தாய். அந்த வசதியில் நான் ஒளித்துக்கொண்டேன். அன்றைக்கு நீ கேட்டதற்கு மறுமொழி இதுதான்: நான் மறைத்தது என்னைத்தான். அப்பாவை ஒருவரும் இரக்கமாகப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், வருத்தக்காரனின் மனைவி என்று என்னைப் பார்ப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதை என்னுடைய முகத்துக்கு நேரே கேட்க உனக்கு மட்டும்தான் தைரியம் இருந்தது. அடித்தது பிழை. என்னை மன்னித்துக்கொள். நீ அன்றைக்குப் பின்வாங்கி, தட்டிகளைத் திரும்ப வானில் ஏற்றிக்கொண்டு போகாமல் இருந்ததற்கு, நான் இருக்கிற வரைக்கும் உனக்கு நன்றி.

அப்பா ஆசுப்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து நான் இந்த வீட்டை விட்டு ஓர் இரவும் வெளியே தங்கியதில்லை. அவர் போன பிறகும் ஏனோ புறப்பட மனம் வரவில்லை. நேற்று நானாவின் மனைவியிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு நாளைக்குக் கொடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், தரிப்பிடத்துக்கு வா. வெயிலோடு கச்சான் ஏற முதல், விடியவே உன்னுடைய வளவை அளந்துவிடலாம். நாடாவின் ஒரு நுனியை நான் பிடிக்கிறேன். எங்கே நிற்க வேண்டும் என்று நீ சொல்லு.

அம்மா